அந்தத் தட்டி அப்புறம் எங்கே போகும்?

ஆரல்வாய்மொழி

அன்புள்ள மக்கா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. சரி, எங்கள் நாடகத்துக்கு மேடையை எப்படி அமைத்தோம் என்று கேட்டிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பிளெக்ஸும் தெர்மாகோலும் இல்லாமல் மேடை போடுவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டோம். படம் வரைய உட்காருவதற்கு முன்னால், ஊரில் என்ன கிடைக்கும், நாடகம் முடிந்ததும் அதை யார் வாங்கிக்கொள்வார்கள் என்று விசாரித்தேன். தென்னை ஓலையைப் பின்னிக் கிடுகு முடைகிற அக்கா, “மக்களே, ஓலை நல்லா ஊறணும், இல்லேன்னா மடக்கும்போதே ஒடிஞ்சிரும்” என்று சொல்லிக் குளத்தில் ஊறப்போட்டார். முடிந்தபின் கிடுகை அவரே தொழுவத்துக்குக் கூரை மேய எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அதனால் ஓலையை வெட்டவில்லை, பெயிண்ட் அடிக்கவில்லை, ஆணிக்குப் பதில் கயிறு. நிறம் வேண்டிய இடத்தில் காவி தோய்த்த பழைய வேட்டிகளைத் தொங்கவிட்டோம்.

நம் கணவாய்க் காற்று உனக்குத் தெரியும். ஆடி மாதத்தில் பிளெக்ஸ் கட்டினால் சாரத்தையே சாய்த்துவிடும். கிடுகில் காற்று புகுந்து போய்விடுவதால் தட்டி அசையாமல் நின்றது. பக்கத்திலிருந்து விளக்குப் போட்டதும் பின்னலின் கண்கள் வழியே வெளிச்சம் பொடிப்பொடியாக நடிகரின் தோளில் விழுந்ததைப் பார்க்க வேண்டுமே! ஆனால் காய்ந்த ஓலை சலசலக்கும், மெல்லப் பேசும் வசனம் கேட்காது. அந்தக் காட்சிகளை மேடையின் முன்பக்கத்துக்கு நகர்த்தினோம். தீக்குப் பயந்து, சூடேறும் 1000 வாட் விளக்குகளைத் தொடவே இல்லை. எல்இடி மட்டும்தான், பக்கத்தில் மணலும் தண்ணீரும்.

ஆஸ்திரேலியாவின் மேடை வடிவமைப்பாளர் தான்யா பீர், சூழலைக் கெடுக்காத இந்த மேடை அமைப்பை ‘ஈகோசீனோகிராஃபி’ என்கிறார். பொருள்கள் அடுத்த கைக்குப் போய்ச் சேரும்வரை வடிவமைப்பாளரின் வேலை முடியவில்லை என்பது அவர் கட்சி. 2013இல் காசில்மெயின் என்ற ஊரில் சாப்பிடக்கூடிய செடிகளைக் கொண்டே மேடை அமைத்தவர். பிரிட்டனில் 2021இல் வந்த ‘தியேட்டர் கிரீன் புக்’ என்ற பசுமை நாடக வழிகாட்டி அப்போது வைத்த அடிப்படைத் தரம், பொருள்களில் 50 சதவீதம் ஏற்கெனவே பயன்பட்டதாகவும், 65 சதவீதம் பின்னாலும் பயன்படுவதாகவும் இருக்க வேண்டும் என்பது. நம் வில்லுப்பாட்டுக் குழுவின் வில்லும் குடமும் உடுக்கும் கோயில் கொடைக்குக் கொடை போய்க்கொண்டேதானே இருக்கின்றன!

ஓலை ஏழை வீட்டுக் கதைக்குத்தான் பொருந்தும் என்று எழுதியிருந்தாய். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பத்மநாபபுரம் அரண்மனையை நினைத்துப் பார். அங்கே சன்னல்களின் மர அழிகளுக்குள் நுழைந்து வரும் மங்கிய வெளிச்சமே பாதி அரண்மனை. அந்த வெளிச்சத்தைக் கிடுகிலும் கொண்டுவரலாம், உயரமாகக் கட்டினால் போதும்.

மார்கழியில் தேரூர் குளக்கரையில் போடலாம் என்கிறாயே, அது வேண்டாம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வலசைப் பறவைகள் வந்து தங்குகிற நேரம் அது. ஸ்பீக்கரும் விளக்கும் அங்கே எதற்கு? கரையை விட்டுத் தள்ளி, ஊருக்குள் ஒரு மைதானம் பார்த்து, வெயில் தாழ்ந்ததும் தொடங்கி வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடலாம். உன் குழுவிடம் பேசிவிட்டு எழுது. உங்கள் கிடங்கில் கறுப்புத் திரை சும்மா கிடந்தால் வரும்போது எடுத்து வா, புதிதாக வாங்க மனமில்லை.

அன்புடன்,
உன் நண்பன்