இரவு ஒன்பது மணிக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கு

அன்புள்ள ஊராருக்கும், எங்களுக்காக ஓடியவர்களுக்கும், பேசியவர்களுக்கும் வணக்கம்.

வருகிற வைகாசியில் எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, அறுபதாம் சாந்தி வைத்திருக்கிறோம். பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்னால் இந்த நன்றி மடலை எழுதிவிடு என்று ஆத்தா சொன்னார்கள். போன கார்த்திகையில், மருத்துவமனை நடையில் உட்கார்ந்திருந்தபோது, இப்படி ஒரு பத்திரிகை அடிப்போம் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு வீடு பூட்டியே கிடக்கிறது. செட்டிநாட்டில் எந்த ஊரில்தான் அப்படி ஒரு வீடு இல்லை? பங்காளிகள் நிறையப் பேர், சாவி ஒருவரிடம், குடியிருக்க ஆளில்லை. இரண்டாங்கட்டு ஓடு சரிந்து, பின்கட்டு முழுக்கச் சீமைக்கருவை மண்டிக் கிடந்தது. அன்று விளக்கு வைத்த பிறகு மோட்டாரை நிறுத்துவதற்காக அப்பச்சி கிணற்றடிக்குப் போனார்கள். திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து, "பூச்சி கடிச்சிருச்சு" என்றார்கள். பொழுது சாய்ந்தால் பாம்பு என்ற சொல் எங்கள் வாயில் வராது. டார்ச் அடித்துப் பார்த்தபோது சுவரோரம் கிடந்தது. முதுகில் சங்கிலி கோத்தாற்போல வட்ட வட்டமாகப் புள்ளிகள். கண்ணாடிவிரியன்.

முதல் நன்றி டீக்கடை அண்ணனுக்கு. கூட்டம் கூடி ஒருவர் கயிறு எடுத்துக்கொண்டு ஓடி வர, இன்னொருவர் பிளேடு கேட்க, "கட்டாதீங்க, கீறாதீங்க, காலை அசைக்காம வைங்க" என்று அதட்டியவர் அவர்தான். இறுக்கிக் கட்டியிருந்தால் காலே போயிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். எங்கே படித்தீர்கள் அண்ணே என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் 108 ஆட்கள் வந்து பாடம் நடத்தியபோது கடையில் நின்றபடியே கேட்டேன் என்றார்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பத்து நிமிடத்தில் போய்விட்டோம். அங்கே இருந்த செவிலியர் அக்கா செய்ததை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டேன். கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து வைத்தார். கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் காத்திருந்தார். ரத்தம் உறையவில்லை, விஷம் ஏறியிருக்கிறது என்று அதில் தெரிந்துபோயிற்று. அந்த இருபது நிமிடத்தையும் வீணாக்காமல், போனதுமே 108க்குச் சொல்லிவிட்டார். விஷமுறிவு மருந்து அலமாரியில் இருந்தது. ஏற்றத்தான் டாக்டர் இல்லை. அந்த மருந்து சிலருக்கு ஒவ்வாமல் போய் மூச்சையே அடைத்துவிடும். அட்ரினலின் ஊசியோடு டாக்டர் பக்கத்தில் நிற்க வேண்டும். இதைச் சொன்னபோது அக்காவுக்குக் கண் கலங்கியது. குற்றம் அவருடையது இல்லை. இரண்டு டாக்டர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர்தான். அவரும் பகல் முழுக்க வெளிநோயாளிகளைப் பார்த்துவிட்டுப் போனவர். 24 மணி நேரம் என்று பலகையில் எழுதியிருந்தாலும், மூன்று செவிலியர் முறை வைத்துப் பிரசவம் பார்ப்பதற்காக வந்த ஏற்பாடு அது. விஷக்கடிக்கு அது போதாது.

108இல் பெரிய மருத்துவமனைக்குப் போய் முதல் குப்பி ஏறியபோது இரவு மணி பத்தைத் தாண்டிவிட்டது. வழி நெடுக அப்பச்சியின் காலை ஒரே நிலையில் பிடித்தபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்த 108 தம்பிக்கும், பள்ளம் மேடு தெரியாமல் ஓட்டிய ஓட்டுநர் அண்ணனுக்கும் நன்றி. ஆனாலும் தாமதம் தாமதம்தான். மறுநாளே சிறுநீர் குறைந்தது, முகம் வீங்கியது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அந்தக் கல்லூரி 2012இல் வந்திராவிட்டால் மதுரை வரை போயிருப்போம். டயாலிசிஸ் பிரிவில் ஐந்து வாரம். ஒரு ரூபாய் கேட்கவில்லை. அங்கே துப்புரவு பார்த்த ஆச்சி தினமும் காலையில் வந்து, "இன்னைக்கு எவ்வளவு போனாக அப்பச்சி?" என்று சிறுநீரளவை விசாரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

அப்பச்சி பிழைத்துவிட்டார்கள். இத்தோடு விட்டிருக்கலாம். விடவேண்டாம் என்று சொன்னவர் அடுத்த தெருவில் இ-சேவை மையம் நடத்தும் தம்பி. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவர் எழுதிய மனுவில் மூன்றே கேள்விகள். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விஷக்கடியோடு எத்தனை பேர் வந்தார்கள்? எத்தனை பேருக்கு இங்கேயே மருந்து ஏற்றப்பட்டது? எத்தனை பேர் ஏற்றப்படாமல் மேலே அனுப்பப்பட்டார்கள்? முப்பது நாளில் வந்த பதில் அரைகுறை. மேல்முறையீடு செய்தார். இரண்டாவது பதிலைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் பேசவில்லை. பகலில் வந்தவர்களுக்கு மருந்து ஏறியிருக்கிறது. பொழுது சாய்ந்து வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே அனுப்பப்பட்டிருக்கிறார்கள். பொழுது சாய்ந்த பிறகும் பாம்பு கடிக்கத்தான் செய்கிறது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குப் போனோம். கூடவே நான்கு பக்க மனு. கட்டடம், குடிநீர், படுக்கை, எக்ஸ்ரே, எல்லாம் எழுதியிருந்தேன். அவருடைய உதவியாளர் அண்ணன் பொறுமையாகப் படித்துவிட்டு, "இதுல எது இல்லாமப் போனதால உங்க அப்பச்சி படுத்தாக? அதை மட்டும் சொல்லுங்க தங்கச்சி" என்றார். அன்று எனக்கு மனம் சுருங்கியது. இப்போது நினைத்தால், நாங்கள் செய்ததிலேயே பெரிய வேலை அந்த நான்கு பக்கத்தை ஒரு வரியாகக் குறைத்ததுதான்.

உறுப்பினர் ஐயா அதை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு, கொடிக்காரும் கூட்டமும் இல்லாமல், நிலையத்துக்கு வந்து பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். செவிலியர் அக்கா சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். யாரையும் திட்டவில்லையாம். பணிப் பட்டியலை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டாராம்.

பிறகு பேரவைச் செயலகத்துக்கு வினா போனது, பேரவைத் தலைவர் அனுமதித்தார், முறை வந்தது. கேள்வி நேரம் 2022 ஜனவரியிலிருந்து நேரலையில் வருகிறதல்லவா, எங்கள் வளவில் கைப்பேசியைத் தூணில் சாய்த்து வைத்துப் பத்துப் பதினைந்து பேர் பார்த்தோம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பாம்புக்கடி மருந்து இருப்பு உள்ளதா என்பது வினா. உள்ளது என்பது அமைச்சரின் விடை. அது உண்மைதான். மருத்துவப் பணிகள் கழகம் வந்த பிறகு மருந்து அனுப்புவதில் நம் மாநிலம் குறை வைப்பதில்லை. பல வினாக்கள் இந்த இடத்தில் முடிந்துபோகும். எங்கள் உறுப்பினர் துணை வினாவுக்கு எழுந்தார். அந்த மருந்தை இரவு ஒன்பது மணிக்கு ஏற்ற மருத்துவர் இருக்கிறாரா, இல்லாத இடங்களில் வட்டார அளவில் சுழற்சி முறையில் ஒருவரை அமர்த்த அரசு முன்வருமா என்று பேரவைத் தலைவர் வாயிலாக அறிய விரும்புவதாகக் கேட்டார். பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக 2024 நவம்பரில் அரசே ஆக்கியிருக்கிறது. ஒவ்வொரு கடியும் கணக்கில் வரும்போது அது எத்தனை மணிக்கு நடந்தது என்பதும் வரட்டும் என்றார். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்குமா? ஆத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மறுக்காமல், மழுப்பாமல், விவரம் வாங்கி ஏற்பாடு செய்வதாக அவையில் உறுதி சொன்ன அமைச்சருக்கும் நன்றி சொல்கிறேன். அவையில் சொன்னால் அது உறுதிமொழிக் குழுவின் ஏட்டில் ஏறும், பிறகு விளக்கம் சொல்லியாக வேண்டும் என்று உதவியாளர் அண்ணன் விளக்கினார்.

பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்பு சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் பேசியவர். அவர் பெயரில் வரும் மகப்பேறு நிதியை எங்கள் பக்கத்துப் பெண்கள் வாங்குகிறார்கள். ஒருவர் எழுந்து கேட்டது எத்தனை தலைமுறை கழித்தும் கைக்கு வந்து சேருகிறது என்று அன்று தோன்றியது.

இப்போது வட்டாரத்தின் டாக்டர்கள் முறை வைத்து இரவில் அழைப்புக்கு நிற்கிறார்கள். எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். அண்மையில் கண்மாய்க் கரையில் கடிபட்ட பையனுக்கு இதே நிலையத்தில், இரவில், அரை மணி நேரத்துக்குள் மருந்து ஏறியது. நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டான். சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து ஆத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அந்த இரண்டாவது டாக்டர் இடம் இன்னும் காலிதான். மானியக் கோரிக்கையின்போது உறுப்பினர் ஐயா மறுபடி எழுந்து கேட்க வேண்டும் என்று இந்த மடலிலேயே வேண்டிக்கொள்கிறேன். பூட்டிய வீட்டுப் பின்கட்டை வெட்டிச் சுத்தம் செய்யப் பணம் அனுப்பிய பினாங்குப் பங்காளிகளுக்கும், பாதிச் செலவைத் தானே ஏற்ற சென்னை அண்ணனுக்கும் நன்றி. வருடா வருடம் வெட்ட வேண்டியிருக்கும், மறந்துவிடாதீர்கள்.

செவிலியர் அக்காவுக்கு இப்போது வேறு மாவட்டத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது. அக்கா, நீங்கள் எங்கே இருந்தாலும் சாந்திக்கு வந்தாக வேண்டும். அப்பச்சி வண்டி அனுப்புகிறேன் என்கிறார்கள். உங்களுக்கு எந்த நாள் இரவுப் பணி இல்லை என்று கேட்டுத்தான் தேதியே குறிக்கப் போகிறோம்.

அன்புடன்,
வளவு வீட்டு மகள்