தரப்படுத்தல் பற்றி மகளுக்கு

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

முன்பு தமிழருக்குப் பல்கலைக்கழகங்களில் அளவுக்கு மிஞ்சி இடம் கிடைத்ததாகவும், அதைச் சரிசெய்யவே தரப்படுத்தல், அதாவது அனுமதிப் புள்ளியை மொழிவாரியாக வேறுபடுத்திய முறை, வந்ததாகவும் மொனராகலையிலிருந்து வந்த உன் சிங்களச் சக மாணவி வகுப்பில் சொன்னதையும், தமிழ்ப் பிள்ளைகள் எவரும் வாய் திறவாமல் இருந்துவிட்டு இரவு விடுதியில் கொதித்ததையும் எழுதியிருந்தாய். அந்தக் கொதிப்பை வகுப்பிலேயே பேச்சாக்கியிருக்கலாம் என்பது என் எண்ணம். பேசுவதென்றால் கணக்கை முழுதாகப் பேச வேண்டும்.

1960களின் இறுதியில் பொறியியல், மருத்துவ பீடங்களில் தமிழ் மாணவரின் பங்கு, சனத்தொகையில் தமிழருக்கு இருந்த பங்கைவிட மிகக் கூடுதலாக இருந்தது உண்மைதான். போட்டியில் வென்ற இடங்களே அவை; ஆயினும் பெரும்பகுதி யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போனதே தவிர நம் மாவட்டத்து மூதூருக்கோ குச்சவெளிக்கோ வந்து சேரவில்லை. அதற்கு அரசு கண்ட வழியோ வேறு. 1970ஆம் ஆண்டு அனுமதியில், பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவர் 250 புள்ளி எடுக்க வேண்டியிருக்க, சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 227 போதுமாக இருந்தது. பின்தங்கிய ஊர் எது என்று பாராமல், பிள்ளை எழுதிய மொழியைப் பார்த்தார்கள். அந்த 23 புள்ளி வித்தியாசம் ஒரு தலைமுறை இளைஞரின் மனத்தில் என்ன செய்தது என்பதை, பின்னர் நாம் பட்டதெல்லாம் சொல்லும். உன் தோழிக்கு இந்த இலக்கங்களை எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நம்மவர் கதை பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடும். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்று பெரும்பாலான விஞ்ஞானப் பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டத் திறமைக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அந்தப் பின்தங்கிய பட்டியலில் மொனராகலையும் இருக்கிறது, திருகோணமலையும் இருக்கிறது. நீ எடுத்த புள்ளியை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்து எடுத்திருந்தால் உன் பீடத்துக்குத் தெரிவாகியிருக்க மாட்டாய். தரப்படுத்தலை அநீதி என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. அதன் வழிவந்த ஒதுக்கீட்டில் உள்ளே போனவள் நீ என்பதையும் சேர்த்தே சொல்.

இதெல்லாம் இருபது வயதில்தான் பேச்சுக்கு வருகிறது என்பது நம் நாட்டின் விசித்திரம். நம் ஊரில் மூவினத்தாரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறார்கள். பிள்ளைகளோ பெரும்பாலும் தனித்தனிப் பாடசாலைகளுக்குப் போகிறார்கள். ஆங்கில மூலப் பீடம் என்பதால்தான் நீங்கள் இருவரும் ஒரே மண்டபத்தில் இருக்கிறீர்கள். கலைப் பீடமாக இருந்திருந்தால் மொழிவாரியாக வகுப்பு பிரிந்திருக்கக்கூடும், அவள் சொன்னது உன் காதில் விழுந்தே இராது.

தமிழினம் முழுவதற்கும் வழக்கறிஞராக எழுந்து நிற்காதே. அந்தச் சுமையை எவரும் உன்மேல் வைக்கவில்லை. கிண்ணியாவிலிருந்து வந்த உன் முஸ்லிம் வகுப்புத் தோழனும் தமிழில்தான் பரீட்சை எழுதினான். அவனுக்கு இதே வரலாறு வேறு மாதிரித் தோன்றலாம், அவனையும் கேள்.

நீ விண்ணப்பித்த காலத்து அனுமதிக் கைநூல் என்னிடம் இருக்கிறது. மாவட்டவாரியான வெட்டுப்புள்ளி அட்டவணை அதில் உண்டு. அடுத்த கிழமை அங்கே வரும் சித்தப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். மொனராகலை வரிசையை அவளோடு சேர்ந்திருந்து பார். அம்மா பரீட்சையைக் கவனிக்கச் சொல்கிறாள், அதுவும் நியாயம்தான்.

அன்புடன்,
அப்பா