மணிக்கு, வேல் ஐகான் விஷயமாக

சுங்கை சிப்புட்
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மணி,

நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? உன் கேள்விக்கு மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. ஏசுவதை ஏசிவிடு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே அதே மழை, அதே செம்பனை லாரி, ஒட்டுக்கடையில் அதே கடன். மண்டோர் மாமா உன்னை விசாரித்தார். சைக்கிளை அவர் இன்னும் மறக்கவில்லை.

சரி, கோயில் வெப்சைட்டின் ஃபேவிகான், பிரவுசர் டேபின் தலைப்பில் வரும் அந்தக் குட்டிப் படம். "என் மெஷினில் ஐகான் வருது, ஏத்துனா வரல" என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய ப்ரோகிராம் கோடைப் பார்த்தேன். குற்றம் செர்வரிலும் இல்லை, வீட்டிலும் இல்லை (நான் சொல்வது கோடையும் படங்களையும் ஏற்றுவதற்குக் கட்டித் தரும் வீட் பண்ட்லரை, உன் வீட்டை அல்ல). குற்றம் ஒரே ஒரு மேற்கோள் குறிக்குள் இருக்கிறது.

தோட்டத்துப் பெரட்டு, அந்தக் காலை ஆள் கணக்கு, ஞாபகம் இருக்கிறதா? கிராணி எழுதும் செக்ரோல் பட்டியலில் பேர் இருந்தால்தான் அன்றைக்கு வேலை. பண்ட்லரும் அந்தக் கிராணி மாதிரிதான். முதல் பக்கமான இண்டெக்ஸ் எச்டிஎம்எல்லில் தொடங்கி, எந்த ஃபைல் எதை இம்போர்ட் செய்கிறது, அதாவது பேர் சொல்லி உள்ளே கூப்பிடுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பேர் எழுதும். தைப்பூசத்துக்கு டேபில் வழக்கமான ஐகானை மாற்றிக் காவடி காட்டலாம் என்று நினைத்தாயே, அந்தக் காவடிப் படத்தை நீ கூப்பிடவே இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் அதன் பாதையை வெறும் எழுத்தாக, '/எஸ்ஆர்சி/ஐகான்/காவடி.பிஎன்ஜி' என்று எழுதிவைத்திருக்கிறாய். மேற்கோளுக்குள் இருப்பது ஃபைல் பேரா, உபயதாரர் பேரா என்று பண்ட்லருக்கு எப்படித் தெரியும்?

உன் மெஷினில் ஓடும் டெவ் செர்வரில் படம் வந்ததற்குக் காரணம் வேறு. அது ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்தே வைத்திருக்கும், எந்தப் பாதையைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடும். அதனால் அதன் 5173 போர்ட்டில் காவடி ஜோராக ஆடியது. பில்ட் முடிந்தால், ஏற்ற வேண்டியதெல்லாம் சேரும் டிஸ்ட் ஃபோல்டரில், நீ கோடு எழுதிய எஸ்ஆர்சி என்ற ஃபோல்டரே கிடையாது. படத்தை முறையாக இம்போர்ட் செய். கையில் கிடைக்கும் மாறியில் பிரவுசருக்குக் கொடுக்க வேண்டிய கடைசி முகவரியே இருக்கும். அதை ஐகானைக் காட்டும் லிங்க் டேகின் எச்ரெஃப்பில் போடு, தீர்ந்தது. இனிமேல் பில்ட் செய்தபின், டிஸ்ட்டை உன் மெஷினிலேயே காட்டும் ப்ரிவியூவை ஓட்டிப் பார்க்காமல் ஏற்றாதே. அது 4173 போர்ட்டில் வரும்.

இப்போது எதை எங்கே வைப்பது என்பது. பப்ளிக் ஃபோல்டரில் போட்டது பேர் மாறாமல் டிஸ்ட்டின் தலைவாசலுக்கு வந்துவிடும். எஸ்ஆர்சியில் இருந்து ஃபைலாகப் போவது பேரில் ஹேஷ் (உள்ளடக்கம் மாறினால் மாறும் எழுத்துக் குறி) வாங்கிக்கொண்டு போகும். ஃபேவிகான்.ஐகோ பப்ளிக்கில்தான் இருக்க வேண்டும். 1999-ல் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 தொடங்கிவைத்த பழக்கம் இது: லிங்க் டேக் இல்லாவிட்டால் பிரவுசர் நேராகத் தளத்தின் வேரில் போய் அந்தப் பேரைத்தான் கேட்கும். ஐஃபோன் முகப்புக்கான ஆப்பிள் டச் ஐகானும் அங்கேயே இருக்கட்டும். கோடுகளாக எழுதிய எஸ்விஜி படத்தை மட்டும் எஸ்ஆர்சியில் வை. பிரவுசர்கள் பழைய ஐகானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடாது. ஹேஷ் மாறினால் புதுப் பேர், வேறு வழியில்லாமல் புதிதாக எடுக்கும்.

உன்னை ஏமாற்றிய இன்னொன்றும் உண்டு. பிரவுசரின் நெட்வொர்க் டேபில் ஐகானுக்கு 200 (கிடைத்தது என்ற எண்) காட்டுகிறது, ஆகவே ஃபைல் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இல்லையடா! தெரியாத பாதை எதுவானாலும் இண்டெக்ஸ் எச்டிஎம்எல்லுக்குத் திருப்பு என்று ஹோஸ்டிங்கில் நீயே விதி போட்டிருக்கிறாய். ஐகானைக் கேட்டால் முழுப் பக்கத்தையும் கொடுத்துவிட்டு 200 என்கிறது. எண்ணைப் பார்க்காதே, வந்தது என்ன வகை என்று சொல்லும் கண்டெண்ட் டைப்பைப் பார். 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்' என்று இருந்தால் அங்கே படமே இல்லை. அப்படியே பேரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தையும் பார்த்துக்கொள். உன் விண்டோஸ் மன்னிக்கும், லினக்ஸ் செர்வர் மன்னிக்காது.

தளத்தை கிட்ஹப் பேஜஸ் ஹோஸ்டிங்கில் துணைப் பாதையில் வைப்பதானால் வீட் பண்ட்லரின் 'பேஸ்' அமைப்பில் அந்தப் பாதையைக் கொடு, முன்னும் பின்னும் சாய்கோடு வேண்டும். இண்டெக்ஸில் உள்ள லிங்குகளை பண்ட்லரே திருத்திக்கொள்ளும். பப்ளிக்கில் கிடக்கும் மேனிஃபெஸ்ட்டின் (தளத்தின் பேர், ஐகான் விவரம் சொல்லும் ஃபைல்) உள்ளே அது கை வைக்காது. அதில் ஐகான் பாதைகளை முன்சாய்கோடு இல்லாமல் எழுது. மேனிஃபெஸ்ட் இருக்கும் இடத்திலிருந்துதான் பிரவுசர் கணக்குப் பார்க்கும்.

இனி என் வயிற்றெரிச்சல். அந்த ஐகான் ஜெனரேட்டரில் போட்டுக் கூடை நிறைய ஃபைல் வாரி வந்திருக்கிறாயே, யாருக்கு? விண்டோஸ் 8 டைல் எல்லாம் இருக்கிறது! ஐந்து படம் போதும். 16, 32 புள்ளி அளவு இரண்டும் அடங்கிய ஒரு ஐகோ, ஒரு எஸ்விஜி, ஆப்பிளுக்கு 180, மேனிஃபெஸ்ட்டுக்கு 192, 512. ஐகோ லிங்கில் சைஸஸ் '32x32' என்று போடு. 'எனி' என்று போட்டு, குரோம் எஸ்விஜியை விட்டுவிட்டு ஐகோவை எடுத்த தொல்லை உண்டு. 180-க்குப் பின்புலம் நிரப்பு. ஒளிபுகும்படி விட்டால் ஐஃபோன் கறுப்பு பூசிவிடும். ஆண்ட்ராய்டு தன் வடிவத்துக்கு வெட்டிக்கொள்ளும் மாஸ்கபிள் ஐகான் வேண்டுமென்றால், நடுவிலிருந்து அகலத்தில் 40 விழுக்காடு ஆரமுள்ள வட்டத்துக்குள் வேல் அடங்க வேண்டும், வெளியே போனால் நுனி வெட்டுப்படும்.

அந்தக் கோபுரப் படத்தையும் தூக்கிப் போடு. 16-க்கு 16 என்றால் மொத்தமே 256 புள்ளி. அதில் ஐந்து நிலைக் கோபுரம், இரண்டு மயில், சுற்றிவர நிர்வாகத்தின் பேர்! டேபில் பார்த்தால் சம்பல் சிந்தின மாதிரி இருக்கிறது. வேல் மட்டும் போதும்: இலை எட்டுப் புள்ளி அகலம், தண்டு இரண்டு புள்ளி, சரிவு வேண்டாம், நேராக நிற்கட்டும். கோடு புள்ளிக்கு நடுவில் விழுந்தால் மங்கும். கறுப்பு வேல் இருட்டு தீமில் காணாமல் போகும், எஸ்விஜிக்குள்ளேயே 'ப்ரிஃபர்ஸ் கலர் ஸ்கீம்' விதி எழுதி அங்கே மஞ்சளாக்கிவிடு. கோயில் தலைவர் சண்டைக்கு வருவார். வரட்டும், கோபுரத்தைப் பக்கத்தின் உச்சியில் பெரிதாகப் போட்டுச் சமாதானம் செய்.

முன்னாள் மாணவர் தளத்தின் பண்ட்லர் வெப்பேக் 5 அல்லவா? அங்கே உடைந்து கிடக்கும் ஐகானை நோட்பேடில் திற. படத்துக்குப் பதில் 'எக்ஸ்போர்ட் டிஃபால்ட்' என்று ஒரே வரி இருக்கும். பழைய ஃபைல் லோடரும் வெப்பேக் 5-இன் அசெட் மாட்யூலும் ஒரே படத்தை இரண்டு முறை பிசைந்ததன் பலன் அது. லோடரை எடுத்துவிட்டு டைப்பை 'அசெட்/ரிசோர்ஸ்' ஆக்கு. எச்டிஎம்எல் ப்ளகினின் ஃபேவிகான் அமைப்பு ஒரே ஒரு ஃபைலைத்தான் தூக்கும், மிச்சத்துக்கு காப்பி ப்ளகின்.

மாற்றிவிட்டு டிஸ்ட் ஃபோல்டரின் பட்டியலை எனக்கு அனுப்பு. போன தடவை மாதிரி ஸ்கிரீனைக் கோணலாகப் படம் பிடித்து அனுப்பாதே, எழுத்தாக அனுப்பு.

உன்
முத்து