இரவில் கழற்றி வை

தென்காசி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும் உன் அண்ணன் பேத்தியின் கல்யாணப் படமும் ஒரே உறையில் வந்தன. படத்தில் நீ வாய் திறந்து சிரிக்கிறாய். பத்து வருடமாக எந்தப் படத்திலும் முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டு நின்றவள் நீதானா என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இங்கே சாரல் தொடங்கிவிட்டது. துணி காய்வதில்லை; குற்றாலத்துக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. மற்றபடி எல்லோரும் சுகம்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாய். பல்செட் கச்சிதமாகப் பொருந்திவிட்டது, இரவிலும் கழற்றுவதில்லை, பொக்கை வாயைப் பார்த்தால் சின்னப் பேரன் பயந்துவிடுவான் என்று. அதைப் படித்ததும் அடுப்பை மருமகளிடம் விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். அதே தப்பை நான் 6 வருடம் செய்திருக்கிறேன்.

சர்க்கரை நோய் ஈறைத் தின்று, ஈறு பல்லைக் கைவிட்டு, 64 வயதில் என் வாயில் ஒன்றும் மிஞ்சவில்லை என்பது உனக்குத் தெரியும். பல்செட் போட்ட நாளிலிருந்து என் வீட்டுக்காரர் முன்னால் ஒரு நாளும் அதைக் கழற்றியதில்லை. குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டுக் கழுவி, மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவேன். தூங்கும்போதும் வாயில்தான் இருக்கும். நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனிதரிடம் என்ன வெட்கம் என்று கேட்காதே, உனக்கே தெரியும்.

போன வருடம் இரண்டு கடைவாயும் வெடித்துப் புண்ணானது. வைட்டமின் குறைவு என்று நானே முடிவு செய்து மாத்திரை வாங்கி விழுங்கினேன். பிறகு ரசம் எரிந்தது. மேலண்ணத்தில் வலி என்று எதுவுமே இல்லை, அதுதான் ஏமாற்றிவிட்டது. கடைசியில் பல் டாக்டரிடம் போனேன். பேத்தி வயதுப் பெண். மேல்செட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சின்னக் கண்ணாடியை உள்ளே பிடித்து, இன்னொரு கண்ணாடியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். அண்ணம் முழுக்கச் செக்கச்செவேல் என்றிருந்தது. சும்மா சிவப்பு இல்லை. செட்டின் விளிம்பு எந்த வளைவில் போகிறதோ அதே வளைவில் சிவப்பும் போய், கோடு கிழித்த மாதிரி நின்றது. அதற்கு அப்பால் நல்ல சதை.

"இரவில் கழற்றுகிறீர்களா, அம்மா?" என்று கேட்டாள். கழற்றுகிறேன் என்று கூசாமல் பொய் சொன்னேன். "உங்கள் அண்ணம் வேறு மாதிரிச் சொல்கிறதே" என்றாள். வீட்டுப்பாடம் எழுதாத எத்தனை பிள்ளைகளை இப்படிப் பிடித்திருப்பேன்!

அது காண்டிடா என்கிற பூஞ்சையாம். பலர் வாயில் சும்மா கிடப்பதுதான். செட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவே எச்சில் ஓட்டம் இல்லை, காற்று இல்லை, வெதுவெதுப்பு மட்டும் உண்டு. ஊறப்போட்ட மாவு பொங்குவதுபோல் அங்கே அது பெருகுகிறது. தூங்கும்போது எச்சில் இன்னும் குறைந்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்களுக்கும் இது எளிதில் வரும். செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதால் பூஞ்சை அதிலும் குடியேறிவிடுகிறது. வாய்க்கு மட்டும் மருந்து போட்டுச் செட்டைச் சுத்தப்படுத்தாமல் விட்டால் சீக்கிரமே திரும்ப வந்துவிடும். என் மாத்திரைகளையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் எனக்கு ஜெல் எழுதித் தந்தாள். நீ அதன் பெயரைக் கேட்டுக் கடையில் வாங்கிவிடாதே. இதய வால்வு மாற்றியதிலிருந்து நீ ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாய். எனக்குத் தந்த மைக்கோனசோல் ஜெல் அதோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரை கொண்டுபோகும்.

வாயோடு நிற்கிற விஷயமும் இல்லை இது. ஜப்பானில், டோக்கியோவில், 85 வயதைத் தாண்டிய 524 பேரை மூன்று வருடம் கவனித்து 2015இல் வெளியிட்டிருக்கிறார்கள். பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். செட்டில் படிகிற கிருமிப் படலம் தூக்கத்தில் எச்சிலோடு நழுவி நுரையீரலுக்குள் போகக்கூடும் என்கிறார்கள். ஆய்வு தொடர்பைத்தான் காட்டுகிறது, இதனால்தான் அது என்று அடித்துச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, கழற்றி வைக்கக் காசா பணமா?

பல் பிடுங்கிய அன்றே செட் மாட்டினால் முதல் ஒன்றிரண்டு நாள் கழற்றாதே என்று டாக்டரே சொல்வதுண்டு. உனக்கும் அப்படிச் சொல்லி, நீ அதை ஆயுள் முழுக்க என்று எடுத்துக்கொண்டாயோ என்னவோ.

கழுவுவதிலும் நான் மகா முட்டாளாகத்தான் இருந்தேன். பற்பசை போட்டுத் தேய்த்தேன்; அது செட்டில் கீறல் போடும், கீறலில் அழுக்கு உட்காரும். கிருமி சாகட்டும் என்று வெந்நீரில் போட்டேன். கொதிநீர் அதை வளைத்துவிடும். சாதாரண சோப்பும் மெல்லிய பிரஷும் போதும். கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கழுவு, கை நழுவினாலும் உடையாது. இரவில் தண்ணீரில் போட்டு வை, உலர விட்டால் வடிவம் கெடும். செட்டை எடுத்த பிறகு ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைக்க மறக்காதே.

இன்னும் சில மாதத்தில் உன் கீழ்செட் ஆடத் தொடங்கும். அப்போது டாக்டரைத் திட்டாதே. பல் போன தாடையில் எலும்பு கரைந்துகொண்டே போகும், முதல் வருடத்தில்தான் அதிகம். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகத் தேயும். செட்டின் அடியில் புதுப் பூச்சு கொடுத்துச் சரிசெய்வார்கள். எங்கள் தெருவில் ஒருவர் உப்புத்தாளால் தானே தேய்த்துச் செட்டையே நாசமாக்கினார். நீயும் கைக்கு வந்தபடி ஒட்டுப்பசையை அப்பாதே.

நீ கோபித்துக்கொள்ளப் போகிற விஷயத்துக்கு வருகிறேன். பல் வந்ததும் மறுபடி பாக்கு மென்றாகிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். கும்பகோணத்தில் இருந்துகொண்டு வெற்றிலையை விடு என்றால் நீ கேட்கமாட்டாய். ஆனால் புகையிலை சேர்க்காவிட்டாலும் வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. செட் உரசி வரும் புண்ணும் அந்தப் புண்ணும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கும். எந்தப் புண்ணும் இரண்டு வாரம் ஆறாமல் இருந்தால், செட் உரசியதுதான் என்று நீயே தீர்ப்பு எழுதாமல் போய்க் காட்டு.

நான் முதன்முதலாகக் கழற்றிய இரவைச் சொல்லவில்லையே. நாக்கு மேற்பல்லின் அடியில் படிந்தால் தகரமும் நகரமும், மேற்பல் கீழுதட்டைத் தொட்டால் வகரமும் பிறக்கும் என்று 32 வருடம், பல்லுக்கு ஒரு வருடமாக, கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவள் நான். அன்று இரவு வாயை மூடிக்கொண்டே படுத்துவிட்டேன். நடுவில் தாகம். "தண்ணீர்" என்றேன். "கண்ணீரா?" என்றார். மறுபடி சொன்னேன். விளக்கைப் போட்டு என் முகத்தைப் பார்த்தார், எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தார், விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான். இதற்காகவா 6 வருடம் குளியலறையில் ஒளிந்தேன்?

மூன்று வாரத்தில் சிவப்பு வடிந்துவிட்டது. ரசமும் எரிவதில்லை. இன்னொரு இரவு அவர் தூக்கக்கலக்கத்தில் என் செட் கிடந்த டம்ளரை எடுத்துக் குடிக்கப் போய்விட்டார். மறுநாளே மூடி போட்ட டப்பா வாங்கிவிட்டோம்.

தை மாதம் உன் பேரன் காதுகுத்துக்கு நான்கு நாள் தங்குகிற மாதிரி வருகிறேன். நாம் இருவரும் ஒரே அறையில்தான் படுக்கப் போகிறோம். உனக்கும் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். உன்னுடையது பச்சை, என்னுடையது நீலம். காலையில் அவசரத்தில் மாற்றி எடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி