பாட்டு இல்லாதது குறையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பழைய திரைப்படப் பகுதியில் ‘அந்த நாள்’ பற்றி எழுதியவர், “பாடல்கள் இல்லாத குறை இன்றும் தெரிகிறது” என்று முடித்திருக்கிறார். வீணை வித்வானாக நாடறிந்த எஸ். பாலசந்தர், பாட்டே வேண்டாமென்று தீர்மானித்து இயக்கிய படம் அது. பாட்டு வைக்க அவர் மறந்துபோனார் என்று உங்கள் கட்டுரையாளர் நினைத்துவிட்டார் போலும்.

என் தகப்பனார் இப்படத்தை வெளிவந்த புதிதில் தஞ்சாவூரில் பார்த்தவர். பாட்டு எங்கே என்று கொட்டகையில் கூச்சலிட்டவர்களில் தானும் ஒருவன் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால், குண்டடிபட்ட சிவாஜி கணேசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிற அந்த முதல் காட்சியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது. ‘பராசக்தி’ வந்து இரண்டே ஆண்டுகளில், கதாநாயகனைத் தொடக்கத்திலேயே பிணமாக்கிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, மனைவி ஆகியோரின் வாய்மொழியாக அவனைத் துண்டு துண்டாக நமக்குக் காட்டுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபரின் பீதி அந்த வீட்டின் நிழல்களுக்குள்ளும் புகுந்திருக்கிறது. இந்த இருட்டுக்கு நடுவே ஒரு டூயட்டை எங்கே செருகுவது என்பதையும் கட்டுரையாளரே சொல்லியிருக்கலாம்.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படத்தின் நகல் என்று ஒரே வரியில் தள்ளியதும் நியாயமன்று. குரோசாவாவின் படத்தில் உண்மை கடைசிவரை பிடிபடாது. இதில் பிடிபடுகிறது, பிடிபட்ட பிறகுதான் மனம் கலங்குகிறது. இதே பாலசந்தரின் ‘பொம்மை’யைப் பற்றி முன்பொருமுறை எழுதியபோதும், பொம்மைக்குள் வெடிகுண்டு இருப்பதை விட்டுவிட்டு யேசுதாஸ் பாட்டை மட்டும் சிலாகித்தீர்கள். அப்போது நான் எழுதிய கடிதம் தங்கள் அலுவலகத்தில் இன்னும் பத்திரமாக இருக்குமென்று நம்புகிறேன்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கொலையாளி யார் என்பதை இரண்டாவது பத்தியிலேயே போட்டு உடைத்ததைப் பொறுக்க முடியவில்லை. கல்லூரியில் படிக்கும் என் பேத்தியோடு ஞாயிற்றுக்கிழமை இப்படத்தைப் பார்ப்பதாக இருந்தேன். சனிக்கிழமையே அவள் தங்கள் இதழைப் படித்துவிட்டாள். ஆனாலும் விடாமல் உட்கார்ந்து பார்த்தாள். படம் முடிந்ததும், “துப்பறியும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் விசாரிக்கும்போதெல்லாம் நான் அந்த ஒரு முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன் தாத்தா, பயமாக இருந்தது” என்றாள். அது படத்தின் பெருமை; அதைத் தங்கள் கட்டுரையாளர் தமக்கான பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படம் வெளியான ஆண்டை 1956 என்று போட்டிருக்கிறீர்கள்; அது 1954. அதையாவது அடுத்த இதழில் ஒரு மூலையில் திருத்தி வெளியிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.