அலமாரியில் இருக்கும் பவர் மீட்டரை மாதம் ஒரு சனிக்கிழமை வெளியே எடுங்கள்

மதிப்பிற்குரிய இயற்பியல் துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. லேசர் கதிர் எத்தனை வாட் என்று அளக்கும் பவர் மீட்டரைக் கேட்டு புதுச்சேரிக்கு மூன்று முறை வந்து திரும்பியவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். கடைசியாகக் கொடுத்த மனுவுக்கு, "வெளியாட்களுக்கு அனுமதி இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அது வந்த பதினாறாம் நாள் எங்கள் கூட்டத்துத் தம்பி ஒருவனுக்குக் கண்ணில் அடிபட்டுவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

நாங்கள் யார் என்பதை மனுவிலேயே சொல்லியிருக்கிறோம். கடலூரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நான், ஐ.டி.ஐ. படிக்கும் பையன்கள், ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதியில் பழைய சாமான் கடை விரித்ததும் நாங்கள் தேடுவது பழைய புரொஜெக்டரைத்தான். சில மாடல்களுக்குள் 445 நானோமீட்டர் நீல லேசர் டையோடுகள் வரிசையாக இருக்கும். அவற்றைக் கழற்றி, ஓட்டி, எவ்வளவு வாட் வருகிறது என்று அளந்து பார்ப்பதில் எங்களுக்கு ஆசை.

அந்த அளவுதான் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பெல்டியர் தகட்டின் மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்த அலுமினியத் துண்டை ஒட்டி, வீட்டிலேயே இரண்டு மீட்டர் செய்தோம். ஒளி பட்டால் துண்டு சூடாகும், தகட்டில் மின்னழுத்தம் வரும். பின்னால் ஒரு ரெசிஸ்டரை வைத்து, தெரிந்த அளவு மின்சாரம் கொடுத்துச் சூடாக்கி ஒப்பிட்டும் பார்த்தோம். ஆனால் பெயிண்ட் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது, எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பது ரெசிஸ்டருக்குத் தெரியாது. ஒரே லேசருக்கு ஒரு மீட்டர் 1.3 வாட் காட்டியது, இன்னொன்று 1.9. அந்த லேசரின் மேல் ஒட்டியிருந்த தாளில் 100 மில்லிவாட் என்று இருந்தது.

எதை நம்புவது? நம் மீட்டர்கள் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை, அச்சடித்ததே சரியாக இருக்கும் என்று தம்பி முடிவு செய்தான். லேசர் ஒளியில் நூறில் ஒரு பங்கை மட்டும் கண்ணுக்கு விடும் பாதுகாப்புக் கண்ணாடி, அதாவது ஓ.டி. 2, வாங்கினான். 100 மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு என்றால் 1 மில்லிவாட். கால் நொடியில் கண் தானாக மூடிக்கொள்ளும், தப்பித்துவிடலாம். ஆனால் எங்கள் மீட்டர் காட்டிய 1.9 வாட் உண்மையென்றால், அதில் நூறில் ஒரு பங்கு 19 மில்லிவாட். மாடியில் காய வைத்திருந்த எவர்சில்வர் தட்டில் பட்டுத் திரும்பிய கதிர் நேராக வலது கண்ணுக்குள் போனது. கண்ணாடி போட்டிருந்தும் போனது.

விழித்திரையின் நடுவில் சுட்ட புண் என்றார் மருத்துவர். இடது கண்ணை மூடிக்கொண்டு பஸ் போர்டைப் படிக்கச் சொன்னேன். 'கடலூர்' என்பதில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தெரிகின்றன, நடுவில் ஒன்றுமில்லை என்கிறான். தலையைக் கொஞ்சம் திருப்பினால் நடுவில் இருந்தது வருகிறது, ஓரத்து எழுத்து போய்விடுகிறது. அவனுக்குப் பத்தொன்பது வயது. பிட்டர் வேலைக்குப் படிக்கிறான்.

இது உங்கள் தவறு என்று நான் சொல்லவில்லை. அன்று மாடியில் இருந்த பெரியவன் நான், என் பொறுப்பு எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் அலமாரியில் இருக்கும் அந்தப் பவர் மீட்டருக்கு முன்னால் அந்த லேசரை இரண்டு நிமிடம் வைத்திருந்தால், பத்தாயிரத்தில் ஒரு பங்கை மட்டும் விடும் ஓ.டி. 4 கண்ணாடியை அவன் வாங்கியிருப்பான். அதை நினைத்தால் இரவில் தூக்கம் வரவில்லை, ஐயா.

ஒட்டியிருக்கும் தாளை நம்ப முடியாது என்பது உலகம் அறிந்ததுதான். அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனம் 122 லேசர் பாயின்டர்களைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டது. பச்சையில் ஏறக்குறைய 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிக்கு உட்படவில்லை. அவை கடையில் விற்கும் பொருள்கள். பழைய சாமானில் கிடைப்பதற்கு யார் பொறுப்பு?

பிப்ரவரி 28, அறிவியல் நாளன்று வாசலைத் திறந்து எல்லோரையும் கூப்பிடுகிறீர்கள். அடுத்த நாள் நாங்கள் வெளியாட்கள். மக்கள் பணத்தில் வாங்கிய ஆய்வுக் கருவிகளைப் பகிர்ந்துகொள்ள ஐ-ஸ்டெம் என்ற தளத்தை 2020 ஜனவரியில் பிரதமரே தொடங்கி வைத்தார். அந்த எண்ணம் ஏன் உங்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது? ஒவ்வொரு முறையும் நான் கடையைப் பூட்டிவிட்டு, பஸ் ஏறி வந்து, வாட்ச்மேனிடம் கெஞ்சிவிட்டுத்தான் திரும்பியிருக்கிறேன். பதில் சொல்லவாவது யாராவது உட்காரச் சொல்லியிருக்கலாம்.

மன்னிக்கவும், கோபம் வந்துவிட்டது. கேட்க வந்ததைக் கேட்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், பவர் மீட்டரை வெளியே எடுங்கள். உங்கள் ஆய்வக உதவியாளரே அளக்கட்டும், நாங்கள் தொட மாட்டோம். லேசரைப் பிடிக்கும் ஸ்டாண்டு, கதிரை நிறுத்தும் செங்கல், ஓ.டி. 4 கண்ணாடிகள் எல்லாம் நாங்களே கொண்டு வருகிறோம். கட்டணம் சொன்னால் கட்டுகிறோம், உறுதிமொழி கேட்டால் கையெழுத்துப் போடுகிறோம். ஒருமுறை உங்கள் மீட்டரோடு ஒப்பிட்டுவிட்டால் எங்கள் இரண்டு மீட்டர்களையும் நாங்களே திருத்திக்கொள்வோம்.

அந்த நீல லேசரை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து என் கடையில் பூட்டியிருக்கிறேன். அதன் உண்மையான அளவு என்ன என்று தம்பி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். எந்தச் சனிக்கிழமை வரலாம் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

பணிவுடன்,
மஞ்சக்குப்பம் ரிப்பேர் கடைக்காரன்,
கடலூர்