உங்கள் நாற்காலியில் உட்காரப் போகிறேன், அக்கா

அக்கா,

ஆர்கெஸ்ட்ராவில் உங்கள் நாற்காலிக்கு வரச் சொல்லிக் கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். வேறு யார் மூலமாவது உங்கள் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. இசையமைப்பாளர் லிகெட்டியின் ‘அட்மாஸ்ஃபேர்’ என்ற ஆர்கெஸ்ட்ரா இசையை மறுபடி வாசிக்கப் போகிறோம். என் பழைய இடத்தில் புதிதாக ஒரு பெண்.

நீங்கள் ஏன் போனீர்கள் என்று இங்கே எழுதமாட்டேன். நம் ஆட்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவு போதும்.

ஆனால் நாம் அதைச் சேர்ந்து வாசித்த அந்த இரவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பிக்கலோ என்னும் சின்னப் புல்லாங்குழல்கள் நான்கும் காது கூசும் உச்சிக்கு ஏறின. சட்டென்று அந்த ஒலி அறுந்து, டபுள் பேஸ்கள் அடியாழத்தில் உறுமின. அப்புறம் நம் முறை. 48 குரல் கேனன்: ஒரே வரியை ஒவ்வொருவரும் சற்றுத் தள்ளித் தொடங்க வேண்டும். வயலின்கள் 28ம் ஒரு திசையில் நகர, வயோலாவும் செல்லோவும் எதிர்த்திசையில். எப்போதும் ஒரே ஸ்டாண்டைப் பார்த்து வாசிக்கும் நமக்கு அன்று ஆளுக்கொரு தாள். அதனால் உங்கள் பக்கம் திரும்ப எனக்குக் காரணமே இல்லை. ஆனாலும் திரும்பினேன். உங்கள் வில் போய்வந்துகொண்டிருந்தது. முழங்கை, மணிக்கட்டு எல்லாம் சரி. வில் மட்டும் கம்பிக்கு ஒரு நூல் மேலே இருந்தது.

கண்டக்டருக்குத் தெரியவில்லை. முன்னால் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. முடிந்ததும் உள்ளே போய், வில்லில் பூசும் ரோசின் பொடி கம்பியில் படிந்திருந்ததைத் துடைத்தபடி சொன்னீர்கள்: “48ல் ஒன்று. யாருக்குத் தெரியப் போகிறது?”

எனக்குத் தெரிந்தது, அக்கா. என் இடது காதில் ஒரு ஓட்டை விழுந்தது. அன்று இதைச் சொல்லாததற்கு மன்னித்துவிடுங்கள். அன்றிருந்த நிலையில் சொன்னால் குற்றம் சொல்வது போல இருந்திருக்கும். நீங்களும் பேசும்படி முகத்தை வைத்திருக்கவில்லை.

லிகெட்டி கொலோனில் மின்னிசைக் கூடத்தில் இருந்தவர். ஒலிமேல் ஒலியாக டேப்பில் அடுக்கத் தெரிந்தவர். 1961ல் இதையும் அப்படியே டேப்பில் முடித்திருக்கலாம். செய்யவில்லை. டபுள் பேஸ்காரர்களையும் சேர்த்து 56 தந்திக் கலைஞர்களுக்கும் தனித்தனியாக உட்கார்ந்து எழுதினார். தாளம் கிடையாது, முணுமுணுக்க ஒரு மெட்டு கிடையாது, ஒன்பது நிமிடம் மூடுபனி போல நகரும் ஒலி. அந்தப் பனியின் ஒவ்வொரு துளியும் யாரோ ஒருவரின் கை. தனியாகக் கேட்காது என்பதற்காக அது தேவையில்லை என்றாகிவிடுமா?

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். முதல் ஒத்திகையில் அந்த நீண்ட தொடக்கத்தில் வில்லை எங்கே திருப்புவது என்று தெரியாமல் நான் முழித்தபோது, “நான் திருப்பும்போது நீ திருப்பாதே, கோடு அறுந்துவிடும்” என்று மெதுவாகச் சொன்னீர்கள். இன்றைக்கும் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அப்படித்தான் வாசிக்கிறேன். இது கார் விபத்தில் இறந்துபோன இசையமைப்பாளர் மாத்யாஷ் ஷைபரின் நினைவுக்கு எழுதியது என்று சொன்னதும் நீங்கள்தான். இல்லாமல் போன ஒருவருக்காக எழுதிய இசையை வாசித்து முடித்த கையோடு, ஒருவர் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது?

கோபம்தான். மறைக்கவில்லை.

நாற்காலியை எடுத்துக்கொண்டதற்கும் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. நான் மறுத்திருந்தால் வெளியாள் ஒருவர் வந்திருப்பார். அவருக்கு அது வெறும் நாற்காலி. ‘கொஞ்ச நாள் பொறு’ என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காத்திருப்பேன். ஒரு போன்கூட வரவில்லையே.

கை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கலாமா? வேண்டாம், இங்கே பதில் சொல்லாதீர்கள். என் எண் மாறவில்லை.

உங்கள் பெயரில் டிக்கெட் எடுத்துவைக்க மாட்டேன். வருவதானால் நீங்களே வாங்கிக்கொண்டு வாருங்கள்.